பனியில் நின்ற வண்டி

அந்தப் புத்தகம் என் கைக்கு வந்தபோது அதற்கு அட்டை இல்லை. நான் வேலை பார்த்த பழைய காகிதக் கடையில் எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் அட்டையைத்தான் கிழிப்போம். அட்டை, பைண்டு போடுகிறவர்களுக்குப் போகும். உள்ளே இருக்கும் தாள் மளிகைக் கடைகளுக்குப் பொட்டலம் கட்டப் போகும். மயிலாப்பூரில் வக்கீல் யாராவது காலமானால், காரியங்கள் முடிந்த கையோடு அவருடைய ஆங்கிலப் புத்தகங்கள் கோணியில் வந்து இறங்கிவிடும். செத்தவர் வீட்டுச் சரக்கு என்பது வாடையிலேயே தெரியும். கற்பூரமும் மருந்தும் கலந்த ஒரு வாடை.

முதல் ஏடும் அட்டையோடு போய்விட்டதால் கதையின் பெயரோ எழுதியவர் பெயரோ எனக்குத் தெரியவில்லை. டாலர் என்று வந்தது. பூகோளப் பாடத்தில் படித்த ஒன்றிரண்டு ஆறுகளின் பெயர் வந்தது. அதனால் அமெரிக்கக் கதை என்று கண்டுகொண்டேன். பல வருஷம் கழித்துப் பம்பாயில் ஒரு கல்லூரி வாத்தியாரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, அது அங்கே பெரிய பெயர் வாங்கிய நாவல், படித்தவர்கள் வீட்டில் அது இல்லாமல் இருக்காது என்றார். பெயரையும் சொன்னார். அதை நான் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளவில்லை.

நான் மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு ஹோட்டலில் டபரா கழுவினேன், துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், ரங்கூனுக்குப் போய் காய்ச்சலோடு திரும்பி வந்தேன். எந்த இடத்திலும் கால் தரிக்கவில்லை. எனக்கு இருந்த ஆங்கிலம் கடைப் பலகை படிக்கிற ஆங்கிலம். புரியாத சொல் வந்தால், தெருவில் படுத்திருக்கும் நாயைத் தாண்டுவதுபோலச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடுவேன். மத்தியானம் கடை சாத்தியிருக்கும் நேரத்தில் கால்வாய்க் கரையில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தை அப்படித்தான் படித்தேன். படித்ததை அன்றன்று சாயங்காலம் நான் குடியிருந்த காம்பவுண்டில் சொல்லுவேன்.

காம்பவுண்டு என்றால் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால், கால்வாயை ஒட்டி, ஒரு முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். நடுவில் கிணறு. கோடியில் ஒரு கொட்டகை. அதில் ஒரு ஜட்காவும், கிழட்டுச் செவலைக் குதிரை ஒன்றும். ஜட்காக்காரரும் அவர் பெண்சாதியும் கொட்டகைக்கு அடுத்த அறையில் இருந்தார்கள். அவளுக்கு அதற்கு முன் இரண்டு தடவை தரித்து, இரண்டும் ஐந்தாம் மாதத்தைத் தாண்டவில்லை. இது மூன்றாவது. நான் கதை சொல்ல ஆரம்பித்த புரட்டாசியில் அவளுக்கு எட்டாம் மாதம். அவளுக்குத் தாய் இல்லை. முற்றத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்த எதிர் அறைப் பூக்காரம்மாதான் எல்லாம். காம்பவுண்டில் யார் எப்போது குளிக்கலாம் என்பது முதற்கொண்டு அந்த அம்மாள் வைத்ததுதான் சட்டம்.

கதை எளிமையானதுதான். ஒரு இளம் புருஷனும் பெண்சாதியும் கிழக்கே இருந்த வீட்டை விட்டுவிட்டு, மேற்கே புது நிலம் தேடிக் கூண்டு வண்டியில் போகிறார்கள். நான்கு குதிரை. அவளுக்குப் போக இஷ்டமில்லை. ஆனால் அதை வாய்விட்டு அவள் எங்கேயும் சொல்வதில்லை. அந்தப் புத்தகத்தில் எனக்கு முதலில் பட்டது அதுதான். ஒருத்தரும் தங்கள் பயத்தைச் சொல்வதில்லை. அவன் வானத்தைப் பார்ப்பான், தொப்பியைக் கழற்றுவான், திரும்பப் போட்டுக்கொள்வான். அவள் தட்டைக் கழுவி வைப்பாள். எங்கள் முற்றத்திலோ, வெந்நீர் கொதிக்க நேரமானால்கூட நாலு பேர் நாலு விதமாகப் பயப்படுவார்கள், அதுவும் உரக்க.

இரண்டாவதாக எனக்குப் பட்டது, எழுதியவர் எதையும் விளக்காமல் போகிற விதம். மேற்கே போகிற பாதையில் எதிரே ஒரு வண்டி வருகிறது. திரும்பி வருகிற வண்டி. ஓட்டி வருகிறவன் இவர்களைப் பார்த்துக் கையைத் தூக்குவதில்லை. வண்டிக்குள் ஒன்றும் இல்லை, ஒரு நாற்காலியைத் தவிர. அவ்வளவுதான். அடுத்த வரியில் அவர் வேறு எதையோ எழுதப் போய்விடுகிறார். எனக்கு அன்றைக்கு முழுவதும் அந்த நாற்காலி கண்ணிலேயே நின்றது. இன்னோரிடத்தில் ஆற்றைக் கடக்கும்போது அவர்களுடைய நாய் அக்கரைக்கு வர மறுத்து நின்றுவிடுகிறது. கூப்பிடுகிறார்கள், வரவில்லை. விட்டுவிட்டுப் போகிறார்கள்.

அந்தப் பெண் பிள்ளைத்தாய்ச்சி என்பது எனக்கே தெரியாது. எழுதியவர் சொல்லவில்லை, அல்லது சொன்ன இடத்தை நான் தாண்டி வந்திருப்பேன். ஒரு நாள் சாயங்காலம், அவள் தன் உடுப்பின் பக்கத் தையலைப் பிரித்துத் தளர்த்திக்கொண்டாள் என்று சொல்லிவிட்டு மேலே போனேன். பூக்காரம்மா கையிலிருந்த நாரை விட்டுவிட்டார்.

"நிறுத்து நைனா. இன்னா சொன்னே? தையலப் பிரிச்சாளா?"

"ஆமா."

"எத்தினியாவது மாசம்?"

"மாசமா? அது புஸ்தகத்துல இல்லியே."

"இல்லியாம்! பொம்பள தையலப் பிரிக்கிறா, இவனுக்கு இல்லியாம். அஞ்சோ ஆறோ ஆயிட்டிருக்கும். ஏண்டி, உனக்கு எப்ப ரவிக்க புடிச்சுது?"

ஜட்காக்காரர் பெண்சாதி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "அஞ்சு முடிஞ்சு" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பாவி அவள இந்த நெலமையிலயா இட்டுக்கினு போறான் அண்ணாத்தே?" என்று கேட்டாள்.

அன்று முதல் கதை வேறு கதையாகிவிட்டது. நான் ஊர்களையும் ஆறுகளையும் சொல்லப் போனால் அவர்கள் அதைத் தள்ளிவிட்டு அவளைக் கேட்பார்கள். சாப்பிட்டாளா, கால் வீங்கியிருக்கிறதா, வண்டி குலுங்குகிறதா. குதிரை விஷயமெல்லாம் ஜட்காக்காரருடையது. அவர் பகலில் மாம்பலம் பக்கம், பழைய ஏரி இருந்த இடத்தில் புதிதாக வீடு கட்டுகிறவர்களை ஏற்றிப் போய் ஏற்றி வருவார். சாயங்காலம் குதிரைக்குத் தேய்த்துக்கொண்டே கேட்பார்.

"வாத்யாரே, லாடம் பாத்தானா அவன்?"

"புஸ்தகத்துல இல்ல."

"இவ்ளோ தொல ஓட்றான், லாடம் பாக்கல. அவன் இன்னா வண்டிக்காரன்? மாட்டுக்காரன்."

பனி எப்படி இருக்கும் என்று கேட்டார்கள். நானும் பார்த்ததில்லை. ஐஸ் கட்டியை உரலில் போட்டு இடித்து வானத்திலிருந்து கொட்டினால் எப்படி இருக்குமோ அப்படி என்றேன். "அதுல குதிர எப்டி நிக்கும்?" என்று மட்டும் ஜட்காக்காரர் கேட்டார்.

ஐப்பசியில் அவளுக்கு வளைகாப்பு வைத்தார்கள். ஏழாம் மாதத்திலேயே செய்திருக்க வேண்டியது. இதுவும் நிற்காமல் போய்விடுமோ என்று பயந்து அவள்தான் தள்ளிப்போட்டாள். ஒன்பதில் பூக்காரம்மா பிடிவாதமாக நாள் பார்த்துவிட்டார். புளிசாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் என்று அறைக்கு ஒன்றாகச் செய்து முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். வளையல்காரர் பெட்டியோடு வந்து உட்கார்ந்தார். வேப்பங் கொழுந்தை வளைத்து முதல் காப்புப் போட்டு, பிறகு கண்ணாடி வளையல்கள், பச்சையும் சிவப்பும், இரண்டு கையும் நிறையப் போட்டாயிற்று. எல்லாம் முடிந்தது என்று வளையல்காரர் பெட்டியை மூடப் போனபோது பூக்காரம்மா தடுத்தார்.

"இரு பாய். இன்னொருத்தி கீறா."

"யாரும்மா?"

"வண்டியில போய்க்கினு கீறாளே, இவன் சொல்ற பொண்ணு. அவளுக்கும் இப்போ ஒம்போதுதான். ஆத்தா கெடயாது, மாமியா கெடயாது. மொட்டக் கையோட எந்தப் பொம்பளயாவது புள்ள பெப்பாளா? போடு."

வளையல்காரர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது; ஆனால் முற்றத்தில் வேறு யாரும் சிரிக்கவில்லை. ஆள் இல்லாதவளுக்கு யார் கையில் போடுவது என்று கேட்டார். பூக்காரம்மா அம்மிக் குழவியைக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து அவர் முன்னால் நிறுத்தினார். அமெரிக்காவில் எப்போதோ எவரோ எழுதிய ஒரு பெண்ணுக்கு மயிலாப்பூர்க் கால்வாய்க் கரையில் வளைகாப்பு நடந்தது. ஜட்காக்காரர் பெண்சாதியே எழுந்து வந்து குழவிக்குச் சந்தனம் தடவினாள். இருவருக்கும் சேர்த்தே ஆரத்தி எடுத்தார்கள். அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகப் போகிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. அந்த இடம் வரைக்கும் நான் படித்திருக்கவில்லை.

ஒரு வாரம் கழித்துப் படித்தேன். அடைமழை கொஞ்சம் விட்டிருந்தது. கால்வாயில் தண்ணீர் கலங்கலாகக் கரை வரைக்கும் வந்து, கட்டுமரமும் விறகுப் படகும் கயிற்றில் இழுத்து முறுகிக்கொண்டிருந்தன. கதையில் மலைக் கணவாய் வருகிறது. பனி கொட்ட ஆரம்பித்துவிட்டது. கணவாயைத் தாண்டினால் ஒரு கோட்டை, அங்கே டாக்டர் உண்டு. அரை நாள் பாதை. அவளுக்கு வலி கண்டுவிட்டது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, வழக்கம்போல. அவள் உதடு நீலம் பாய்வதைப் பார்த்து, அவள் குளிரால் துன்பப்படுகிறாள் என்று நினைத்து, அவன் வண்டியை நிறுத்துகிறான். இறங்கி, பனியைத் தோண்டி, நனைந்த சுள்ளியை வைத்து நெருப்பு மூட்டப் பார்க்கிறான். பற்றவில்லை. திரும்பத் திரும்பப் பார்க்கிறான். எழுதியவர் அந்த நெருப்பைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதியிருக்கிறார். கடைசியில் அது பற்றிக்கொள்கிறது. அவன் சந்தோஷமாக அவளைக் கூப்பிடுகிறான். பதில் இல்லை. தாயும் பிள்ளையும் போய்விட்டார்கள். அடுத்த வரியில் அவன் குதிரைகளின் முகத்திலிருந்து பனியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான்.

அழுகை, புலம்பல், ஒன்றும் இல்லை. நான் அந்தப் பக்கத்தை மறுபடியும் படித்தேன், ஏதாவது சொல்லைத் தாண்டிவிட்டேனோ என்று. தாண்டவில்லை. அங்கே எல்லாச் சொல்லும் எனக்குத் தெரிந்த சொல்லாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் கண் வலி என்றேன். மறுநாள் தலைவலி. அதற்கடுத்த நாள் காம்பவுண்டுக்கே தாமதமாகப் போனேன். ஊரை விட்டுக் கிளம்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். எனக்கு அது பழக்கமான வழி. மூட்டை கட்ட எனக்கு அதிக நேரம் ஆகாது. பூக்காரம்மா கிணற்றடியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா நைனா, மொகம் செத்த எலி மாரி கீது? செத்துட்டாளா?"

நான் வாளியைக் கிணற்றில் இறக்கினேன்.

"அடப் பாவி. குழவிக்கு வளையல் போட்டமே." அந்த அம்மாள் கையை உதறினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சரி. இன்னிக்கு வந்து குந்து. ஆம்பளப் புள்ள பொறந்துச்சுன்னு சொல்லு. ரெண்டும் சொகம்னு சொல்லு. வாய மூடிக்கினு எந்திரிச்சுப் போ."

"புஸ்தகத்துல அப்டி இல்லக்கா."

"புஸ்தகம் இன்னா, ஐகோர்ட்டு தீர்ப்பா? மாத்தினா ஜெயில்ல போடுவானா? நம்மூட்டுப் பொண்ணு நெற மாசம்டா!"

சொல்லியிருப்பேன். அதில் எனக்கு ஒன்றும் தயக்கமில்லை. ஆனால் நாங்கள் திரும்பியபோது அவள் வாசற்படியில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"மூணு நாளா நீ என் மொகத்தப் பாக்கல அண்ணாத்தே" என்றாள். "எனக்குத் தெரியும். எங்க செத்தா, அத்த மட்டும் சொல்லு."

"வண்டியில" என்றேன்.

"புள்ள?"

"அதுவும்."

அவள் திரும்பினாள். உள்ளே போய், காய வைத்திருந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். வளையல் சத்தம் மட்டும் கேட்டது. பூக்காரம்மா அன்றைக்கு என்னை வைத வசவில் சிலதை நான் துறைமுகத்தில்கூடக் கேட்டதில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. இரண்டு நாளாகக் கடலின் சத்தம் காம்பவுண்டு வரைக்கும் கேட்டது. பட்டினப்பாக்கத்திலிருந்து மீன்காரிகள் வரவில்லை. அடையாற்றில் தண்ணீர் பாலத்தைத் தொட்டுவிட்டது என்றார்கள். விடியற்காலையிலேயே அவளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்தாள். மத்தியானம் வரைக்கும் அறையிலிருந்து முனகல் மட்டும் வந்தது. பிறகு மருத்துவச்சி வெளியே வந்து ஜட்காக்காரரைத் தனியாகக் கூப்பிட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன்.

"புள்ள குறுக்க கீது. என்னால ஆவாது. இட்டுக்கினு போயிடு."

திருவல்லிக்கேணிக்கு அப்பால் கடற்கரை ரோட்டில் பெண்கள் ஆஸ்பத்திரி இருந்தது. அவர் ஓடிப்போய்க் குதிரையைப் பூட்டி ஜட்காவை வாசலுக்குக் கொண்டுவந்து, உள்ளே வைக்கோலைப் பரப்பி, அதன்மேல் பாயும் போட்டார். நானும் அவரும் போய் அவளைத் தூக்கப் போனோம். அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி வாணாம்."

"இன்னாடி சொல்றே?" என்றார் ஜட்காக்காரர்.

"வண்டியில ஏற மாட்டேன். அவ வண்டியிலதானே செத்தா. அவளுக்கும் எனக்கும் ஒண்ணாத்தானே சுத்தினீங்க ஆரத்தி?"

பூக்காரம்மா கெஞ்சினார், அதட்டினார். அவள் கையை எடுக்கவில்லை. அந்த அம்மாள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார்; பச்சை வளையல் ஒன்று நொறுங்கி அவள் மணிக்கட்டில் ரத்தம் வந்தது. அதைப் பார்த்து அவரே பயந்து விட்டுவிட்டார். கட்டிலோடு தூக்கிப் போய்விடலாம் என்று நான் சொன்னேன், நாலு பேர் இருந்தால் போதும். சொல்லி முடிப்பதற்குள் மருத்துவச்சி என் வாயைப் பொத்தினாள். நாலு பேர் தூக்கிப் போவது எது என்று எல்லாருக்கும் தெரியும். வெளியே காற்றில் கொட்டகைக் கூரையின் கீற்று ஒன்று பிய்ந்து முற்றத்தில் விழுந்தது. குதிரை கனைத்தது.

ஜட்காக்காரர் என் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தார். "நீதானே சொன்னே. நீயே சொல்லு அவகிட்ட. கதைன்னு சொல்லு."

நான் கட்டிலண்டை போய் உட்கார்ந்தேன். அவள் முகத்தில் வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"அண்ணாத்தே. பொய் சொல்லாத. வண்டி ஓடிக்கினு இருக்கச்சொல்ல செத்தாளா, நின்னுக்கினு இருக்கச்சொல்லயா?"

அந்தப் பக்கம் எனக்கு மனப்பாடமாகியிருந்தது. "நின்னப்ப" என்றேன். "அவளுக்குக் குளிருதுன்னு அவன் நெருப்பு மூட்ட எறங்கினான். நெருப்பு பத்தறதுக்குள்ள போயிட்டா."

"நிறுத்தாம போயிருந்தா?"

"அரை நாள்ல கோட்டை. அங்க டாக்டர் இருந்தான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வலி வந்து போகும் வரைக்கும் காத்திருந்தாள். "நல்லது பண்றேன்னு நிறுத்திட்டான்" என்றாள். பிறகு புருஷனைப் பார்த்து, "நீ நிறுத்துவியா?" என்று கேட்டாள்.

"மாட்டேன்."

"நானே நிறுத்துன்னு கத்துவேன். அப்பவும் நிறுத்தக் கூடாது."

"மாட்டேன்டி."

அவள் சட்டத்திலிருந்து கையை எடுத்தாள்.

பூக்காரம்மா உள்ளே அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் முன்னால் ஓடினேன். வழி விலக்க வேண்டியது என் வேலை. கால்வாய்ப் பாலத்துக்கு ஏறுகிற இடத்தில் தண்ணீர் என் இடுப்புக்கு இருந்தது. அங்கே விறகு வண்டி ஒன்று குறுக்கே மாட்டிக்கொண்டிருந்தது. மாட்டை அவிழ்த்துவிட்டு இரண்டு ஆள் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். வழி இல்லை. நின்றால்தான் முடியும். நான் கத்தினேன். அவர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஜட்காக்காரர் குதிரையைப் பக்கவாட்டில் திருப்பி, பாலத்துக்கு முன்னால் அந்தத் தண்ணீருக்குள்ளேயே வட்டமாக ஓட்ட ஆரம்பித்துவிட்டார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. தண்ணீர் குதிரையின் வயிற்றில் மோதித் தெறித்தது.

"இன்னாய்யா, சர்க்கஸா காட்றே?" என்று விறகுக்காரன் ஒருவன் கத்தினான். உள்ளேயிருந்து வந்த அலறலைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு சக்கரத்துக்குத் தோள் கொடுத்தான். நானும் கொடுத்தேன். வண்டி நகர்ந்தது. ஜட்கா எங்களை உரசிக்கொண்டு மேலே ஏறியது.

சாந்தோமில் திரும்பியதும் கடல் தெரிந்தது. அப்படி ஒரு கடலை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. கறுப்பாக எழுந்து, வெளுத்து, மணலைத் தாண்டி ரோட்டுக்கே வந்து விழுந்தது. மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. காற்று குதிரையைப் பக்கவாட்டில் தள்ளியது. நான் ஓட முடியாமல் ஜட்காவின் பின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அவள் கத்த ஆரம்பித்தாள்.

"நிறுத்து! நிறுத்துய்யா! தாங்கல, நிறுத்து!"

ஜட்காக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் தோள் குலுங்கியது. சாட்டையை வீசிக்கொண்டே, "தோ, தோ, தோ" என்று குதிரையிடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அவரை வைதாள். அவர் அப்பாவை வைதாள். என்னையும் அந்த அமெரிக்காக்காரனையும் சேர்த்து வைதாள். பூக்காரம்மா உள்ளேயிருந்து, "வையிடி, நல்லா வையி, மூச்ச மட்டும் உட்றாத" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அந்தப் புத்தகத்தில் அவள் ஒரு சத்தமும் போடவில்லை என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது.

ஆஸ்பத்திரிப் போர்ட்டிகோவிலும் அவர் நிறுத்தவில்லை. குதிரையை நடையாக்கி, தூணைச் சுற்றி மெதுவாகப் போய்க்கொண்டே இருந்தார். ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்த இரண்டு ஆட்களும் ஜட்காவோடு கூடவே நடந்து அவளைக் கைமாற்றி வாங்கினார்கள். "வண்டிய நிறுத்தய்யா, பைத்தியமா உனக்கு?" என்றான் ஒருவன். அவள் கதவுக்குள் போய் மறைந்த பிறகுதான் கடிவாளத்தை இழுத்தார்.

அவர் அந்தக் கதவைப் பார்த்தபடி மழையில் நின்றார். குதிரையும் நின்றது. அதன் உடம்பிலிருந்து ஆவி பறந்தது, கால் நடுங்கியது. ஓடி வியர்த்த குதிரையை நனைய நிறுத்தக் கூடாது, உடனே தேய்த்து நடத்த வேண்டும் என்று எத்தனையோ சாயங்காலம் அவர் வாயால் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு அவருக்கு அது தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு ஆயா வந்து, பெண் குழந்தை, உயிரோடு இருக்கிறது, தாய்க்கு ரத்தம் மோசமாகப் போயிருக்கிறது, இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றாள்.

அவளைப் பற்றி அடுத்த இரண்டு நாளும் ஆஸ்பத்திரியில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் என்பது மட்டும் தெரிந்தது. முற்றத்தில் அந்த இரண்டு நாளும் பூக்காரம்மா பூக் கட்டவில்லை. குதிரைக்கு இருமல் வந்தது. தீனி தொடவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம் அது கொட்டகையில் முன்னங்காலை மடக்கிப் படுத்தது, பிறகு எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் அவளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்று சேதி வந்தது.

"ஒரு உசுரு வேணும்னு நின்னுச்சு. எடுத்துக்கிச்சு" என்றார் பூக்காரம்மா. அது வயசான குதிரை, நெஞ்சில் குளிர் இறங்கிவிட்டது என்றார் அதைப் பார்க்க வந்த லாடக்காரர். இரண்டு பேரும் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். எனக்கு இந்த விஷயத்தில் சொந்தமாக ஒன்றும் தெரியாது.

ஜட்காக்காரர் பிறகு மாம்பலத்தில் வீடு கட்டுகிற இடத்தில் மண் சுமக்கப் போனார். ஜட்காவைத் தேனாம்பேட்டை ஆள் ஒருவர் விலைக்கு வாங்கி, தன் குதிரையைப் பூட்டி ஓட்டிப் போனார். ஜட்காக்காரர் என்னிடம் அந்தக் கதையைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. கோபமும் இல்லை. பீடி கேட்டால் கொடுப்பார்.

அவள் குழந்தையோடு வீடு வந்து சேர்ந்தாள். மார்கழி பிறந்த பிறகு ஒரு சாயங்காலம், பக்கத்துக் காம்பவுண்டிலிருந்து வந்த இரண்டு பெண்கள் அந்த வண்டிக் கதை என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். நான் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் பம்பாய் ரயில். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். பனியைச் சொன்னாள். கணவாயைச் சொன்னாள். அவன் நெருப்பு மூட்ட நிறுத்தப் பார்த்தான், அவள் விடவில்லை என்றாள்.

"நிக்காம ஓட்னான். கோட்ட வாசல்ல போய் குதிர உழுந்து செத்துச்சு. நாலுல ஒண்ணு. நல்ல குதிர. இவ எறங்கி, புள்ளயத் தூக்கிக்கினு உள்ள நடந்து போனா."

அந்தப் பெண்களில் ஒருத்தி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அப்டியா போட்டுக்கீது?"

ஆமாம் என்றேன். ஜட்காக்காரர் குழந்தையை மடியிலிருந்து இறக்கிப் பூக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு, எழுந்து கொட்டகைப் பக்கம் போனார். அங்கே அவருக்கு ஒரு வேலையும் இல்லை.